எதுக்கும் இருக்கட்டும்: மலையேறும் மூட்டையில் மூலபாடமும் இடைச்செருகலும்

பாயிரம்

சுமையைப் பற்றித் தமிழில் எழுதாதவர் இல்லை. குடும்பச் சுமை, கடன் சுமை, வினைச் சுமை என்று ஆளுக்கொன்றை இறக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். முதுகில் பை மாட்டிக்கொண்டு ஆறு நாள் மலையில் நடக்கிறவனின் சுமை மட்டும், தராசில் நிறுத்துப் பார்க்க முடிகிற ஒரே சுமையாக இருந்தும், முறையாக ஆராயப்பட்டதாக என் கண்ணில் படவில்லை. அந்தக் குறை இன்றோடு நீங்குகிறது.

ஆய்வுக்களம், மேற்கு வங்காளத்தில் நேபாள எல்லையை ஒட்டியே ஓடும் சிங்கலிலா மலைத்தொடர். மானேபஞ்சனில் ஏறத் தொடங்கி டும்லிங், கைரிபாஸ், காலிபோக்ரி வழியாக 3,636 மீட்டர் உயரத்திலுள்ள சண்டக்பூ. அங்கிருந்து முகட்டோடு ஃபாலுட். பிறகு கோர்க்கே வழியாக ஸ்ரீகோலாவுக்கு இறக்கம். காலம், ரோடோடெண்ட்ரான் பூக்கும் ஏப்ரல் கடைசி. ஆய்வாளர், வயது ஐம்பத்திரண்டு, பூர்வீகம் கும்பகோணம், இருப்பு நங்கநல்லூர், எடை 71 கிலோ. துணை ஆய்வாளர், என் மனைவியின் தம்பி. அவரைப் பற்றித் தனி இயல் வருகிறது.

கருதுகோள் இது: மூட்டையின் எடையைத் தீர்மானிப்பவர் அதைச் சுமப்பவர் அல்லர். வாசற்படியில் நின்று வழியனுப்புகிறவர்கள்.

முன்னோர் மூட்டைகள்

1991 செப்டம்பரில் ஆஸ்திரிய - இத்தாலிய எல்லையில், 3,210 மீட்டர் உயரத்தில், பனியிலிருந்து ஓர் உடல் வெளிப்பட்டது. அதற்கு வயது சுமார் 5,300 ஆண்டு. ஓட்ஸி என்று பெயரிட்டார்கள். கரடித்தோல் தொப்பி, வைக்கோல் போலப் புல் திணித்த காலணி, செப்புக் கோடரி, மேப்பிள் இலையில் தணல் சுற்றி வைத்த மரப்பட்டைச் சம்புடம், முதுகுச் சுமைக்கான சட்டகம் என்று கருதப்படும் வளைந்த குச்சி. கச்சிதமான மூட்டை. ஆனால் ஒரு பொருளில் என் ஆராய்ச்சிக் கண் நின்றது: ஆளைவிட உயரமான, இன்னும் செதுக்கி முடிக்காத ஒரு வில். 'போற வழியில உட்கார்ந்து முடிச்சுக்கலாம்' என்று எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்கிறான். நான் சண்டக்பூவுக்கு எடுத்துப்போன அறுநூறு பக்க நாவலும் இந்த வகைதான். அவனும் முடிக்கவில்லை, நானும் முடிக்கவில்லை. அவனுக்காவது தோளில் அம்பு தைத்ததென்ற காரணம் இருந்தது.

தமிழ்ச் சான்றுக்கு வருவோம். பத்துப்பாட்டில் பத்தாவதான மலைபடுகடாம், நன்னனைப் பார்க்கப் போகும் கூத்தர்களுக்கு மலைவழி சொல்லும் நூல். 583 அடி. இன்றைய செங்கம் பக்கத்து மலைகள் அதன் களம். அதன் தொடக்கத்திலேயே மூட்டை வந்துவிடுகிறது. முழவு, கொம்பு, குழல் எல்லாவற்றையும் பைகளில் கட்டி, காவடி போல இருபுறமும் எடை ஒத்திருக்கும்படி தொங்கவிட்டுப் போகிறார்கள். பலாமரத்தில் காய் தொங்குவது போல இருக்கிறதாம். அந்தப் பைக்குப் பெயர் கலப்பை. உழுகிற கலப்பை வேறு, இது வேறு. வலமும் இடமும் எடை ஒத்திருக்க வேண்டும் என்ற விதியை இன்றைக்கு ட்ரெக்கிங் கடைக்காரர் ஏதோ நேற்றுக் கண்டுபிடித்ததுபோலச் சொல்லிக்கொடுத்துப் பையை விற்கிறார். மலைபடுகடாம் பாடிய பெருங்கௌசிகனார் இலவசமாகவே சொல்லியிருக்கிறார்.

அடுத்த சான்று அமெரிக்கப் பாட்டி. எம்மா கேட்வுட், பதினொரு பிள்ளை பெற்றவர், 1955இல் தம் 67ஆம் வயதில் அப்பலாச்சியன் நெடும்பாதை முழுவதையும், மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல், தனியாக நடந்து முடித்தார். கையால் தைத்த ஒரு துணிச்சாக்கு, ஒரு போர்வை, மழைக்குக் குளியலறைத் திரை, காலில் கேன்வாஸ் ஷூ. கூடாரமும் இல்லை, ஸ்லீப்பிங் பேக்கும் இல்லை. இதோடு நிற்காமல் இன்னும் இரண்டு முறை அதே பாதையை முடித்தார். என் கருதுகோளுக்கு இந்தச் சான்று மிக முக்கியம். பிள்ளைகளிடம் அவர் எங்கே போகிறேன் என்று விவரம் சொல்லவில்லை; சும்மா நடக்கப் போகிறேன் என்று கிளம்பிவிட்டார். வழியனுப்ப யாரும் இல்லை. மூட்டை இலேசாக இருந்ததில் வியப்பென்ன?

ஆய்வுக் கருவி

எடை பார்க்க எங்கள் தெருப் பழைய பேப்பர்க்காரரின் கொக்கித் தராசைப் பயன்படுத்தினேன். பை 12 கிலோ காட்டியது. அதே பை, இரண்டு மணி நேரம் கழித்து, விமான நிலையத் தராசில் 17.4 கிலோ காட்டியது. பதினைந்து வருஷமாக என் வீட்டு ஆங்கில நாளிதழ்களுக்கு நான் வாங்கிய தொகையை மறுகணக்கு செய்யவேண்டும் என்பது இந்த ஆய்வின் கிளை முடிவு.

அனுமதி பதினைந்து கிலோ. மீதி 2.4 கிலோவுக்குப் பணம் கட்டச் சொன்னார் கவுண்டரில் இருந்த பெண். மைத்துனர் ஒரு யோசனை சொன்னார். மலையேறும் ஷூவை மாட்டி, ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர், அதன் மேல் இறகு ஜாக்கெட், கழுத்தில் மஃப்ளர். சென்னை ஏப்ரல். பை 15 கிலோவுக்கு இறங்கிற்று, நான் 73.4 ஆனேன். இங்கே ஒரு விதி தானாகவே வெளிப்பட்டது: எடை அழிவதில்லை, இடம் மாறுகிறது. இதற்கு மறுபடி வருவேன்.

மூலபாடமும் பாடபேதமும்

இனி ஆய்வின் நடுப்பகுதி. புறப்படுவதற்கு மூன்று வாரம் முன்னால், நீல மையில், ஒரே பக்கத்தில், நான் எழுதிய பட்டியலே மூலபாடம். இருபத்து மூன்று பொருள், 9.2 கிலோ. உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுமக்காதே என்பது நடப்பவர்கள் வழக்கில் உள்ள கணக்கு. எனக்கு அது 14.2 கிலோ. ஆக, மூலபாடம் மாசற்றது.

இதைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தத்தால் ஒட்டினேன். ஏடுகள் கெட்டுப்போவது கரையானால் மட்டும் அல்ல என்பது பத்து நாளில் தெரிந்தது. சிவப்பு மையில் 'மங்கி கேப் 2' என்று ஒரு வரி. பென்சிலில், என் மகள் கையெழுத்தில், 'பவர் பேங்க் (பெரிசு)'. ஓரத்தில், எழுத்துக் கூட்டி, 'ஓமவாட்டர்'. ஓர் இடத்தில் 'டி-ஷர்ட் 2' என்றிருந்த என் பாடம், '2' என்பதன் மேலேயே அழுத்தி எழுதப்பட்டு 5 ஆகியிருந்தது. ஒரு வரியில் எழுதப்பட்டு அடிக்கப்பட்டு மறுபடி எழுதப்பட்டிருந்த சொல் 'தேங்காயெண்ணெய்'. இரு மரபுகள் மோதிய தடம் அது.

எழுத்தில் ஏறாத இடைச்செருகல்களும் உண்டு. கும்பகோணத்து அத்தை தொலைபேசியில், "தண்ணி மாறுமேப்பா, சுக்கு வெச்சுக்கோ" என்றதன் விளைவு, சுக்கு, மிளகு, அரிசித் திப்பிலி மூன்றும் மூன்று பொட்டலமாக. எதிர்வீட்டு மாமியின் மூன்று மடிப்புக் குடை. என் அம்மா பையின் முன்பாக்கெட்டில் போட்ட திருநீற்றுப் பொட்டலம். அதன் எடை ஐந்து கிராம்தான், ஆய்வாளருக்கு ஆட்சேபம் இல்லை. கடைசியாக, கால் டாக்ஸி வந்து நின்ற பிறகு, மாமியார் கையால் நுழைக்கப்பட்ட எவர்சில்வர் தூக்கு. உள்ளே புளிக்காய்ச்சல். காலி எடையே அரைக் கிலோ இருக்கும். "பாத்திரம் பத்திரம் மாப்பிள்ளை" என்றார்.

இவ்வளவையும் உள்ளே அனுப்பிய கடவுச்சொல் ஒன்றுதான்: 'எதுக்கும் இருக்கட்டும்'. இதைச் சற்று இலக்கண முறையில் பிரித்துப் பார்க்க வேண்டும். 'எதுக்கும்' என்பதில் இருப்பது நான்காம் வேற்றுமை. கூட வரும் 'உம்' முற்றும்மை. உலகில் நடக்கக்கூடிய எல்லாவற்றுக்கும் என்று பொருள். ஆகவே இன்ன காரணத்துக்கு என்று கேட்க வழியில்லை. 'இருக்கட்டும்' வியங்கோள். எழுவாய் யார்? சொல்கிறவரும் இல்லை, சுமப்பவரும் இல்லை, குடை. குடைதான் இருக்க விரும்புகிறது. 'நீ சுமந்துகொண்டு போ' என்று யாரும் யாரையும் சொல்லவில்லை. மறுத்தால் குடையை மறுத்ததாகாது, மாமியை மறுத்ததாகும். இரண்டே சொல்லில் இவ்வளவு பாரத்தை ஏற்றிவிட்டுத் தான் ஒதுங்கிக்கொள்ளும் வாக்கியம் வேறெந்த மொழியிலாவது இருந்தால் மொழியியலாளர்கள் சொல்லட்டும்.

கூடாரம்

இந்தப் பாதையில் அந்தந்த ஊரில் தங்கும் விடுதி உண்டு. கூடாரம் வேண்டாம். இந்த இயல் இவ்வளவே.

பை கட்டும் முறை

நடைமுறைப் பயன் இல்லாத ஆய்வுக்கு மதிப்பெண் இல்லை என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். இரவில் மட்டும் தேவைப்படும் ஸ்லீப்பிங் பேக் அடியில். கனமானவை பையின் நடு உயரத்தில், முதுகோடு ஒட்டி. கனம் முதுகை விட்டு வெளியே தள்ளிப்போனால் பை ஆளைப் பின்னால் இழுக்கும்; ஆள் முன்னால் குனிவார்; மூன்றாம் நாள் கழுத்து திரும்பாது. மழைக்கானது எல்லாவற்றுக்கும் மேலே. தோள்பட்டைக்குச் சுமை கூடாது. இடுப்புப் பட்டையை எலும்பின் மேல் இறுக்கிவிட்டால் பாரத்தின் பெரும்பகுதி இடுப்பில் இறங்கிவிடும். தோள்வார் பை சாயாமல் பிடித்துக்கொள்ள மட்டும். இதைக் கண்டுபிடித்தவர்கள் பல ஆயிரம் ரூபாய் விலை வைக்கிறார்கள். எங்கள் ஊர்ப் படித்துறையில் ஈயப் பானையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, ஒரு கையை வீசி, பேசிக்கொண்டே போன பெண்களிடம் எந்தக் கம்பெனியும் உரிமம் கேட்டு வரவில்லை.

உள்ளே நனையாமலிருக்கத் தனி உறை விற்கிறார்கள். தமிழ்நாட்டில் 2019இல் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்தபோது மெத்தைக்கடியில் பத்திரப்படுத்தப்பட்ட ஜவுளிக்கடைக் கவர்கள் என் வீட்டில் இருந்தன. துணிகள் ஒரு சொட்டுகூட நனையவில்லை. ஆனால் விடிகாலை நான்கு மணிக்குப் பொது அறையில் அந்தக் கவரைப் பிரிக்கும் சரசரப்பு, எட்டுப் பேரின் வெறுப்பைச் சம்பாதித்துத் தரும்.

பருத்தி வேண்டாம் என்பதில் கருத்து வேற்றுமை கிடையாது. வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு, நின்றவுடன் உடம்புச் சூட்டைத் தின்னும். கம்பளி நனைந்தாலும் கொஞ்சம் கதகதப்பு தரும். இறகு வைத்த ஜாக்கெட் நனையும்வரை ராஜா, நனைந்தால் கோழி. காலணியைப் பொறுத்தவரை, புதுச்செருப்பு கடிக்கும் என்று தெரிந்த ஒரு சமுதாயத்தில் பிறந்தும் புது ஷூவோடு மலைக்கு வந்த ஒருவரின் பெருவிரல் நகம் கறுத்துப்போனதை இங்கே பெயர் சொல்லாமல் பதிவு செய்கிறேன். நகம் இன்னும் முழுதாக வளரவில்லை.

உணவில் கணக்கு எளிது. மாவுச்சத்தும் புரதமும் கிராமுக்கு நான்கு கலோரி, கொழுப்பு ஒன்பது. தண்ணீருக்கு ஒன்றுமில்லை. இட்லியில் பெரும்பகுதி தண்ணீர். மலைமேல் இட்லியைச் சுமப்பவன் தண்ணீரைப் பஞ்சாக்கிச் சுமக்கிறான். இந்தத் துறையில் தமிழரின் உச்சம் பொருள்விளங்கா உருண்டைதான். வறுத்த அரிசி, பயறு, வெல்லப்பாகு, சுக்கு, தேங்காய்ப் பல். கெடாது, நசுங்காது, கடிக்க வராது. ஒரு உருண்டையை வாயில் ஒதுக்கினால் ஒரு மலைச்சரிவு தாண்டும். வெளிநாட்டு எனர்ஜி பார்களோடு ஒப்பிட்டேன். அவற்றில் ஒன்றுகூடத் தேவைப்பட்டால் நாயை விரட்ட உதவாது.

மைத்துனர் தேற்றம்

1990களில் ரே ஜார்டின் என்ற அமெரிக்கர், பாறையேறும் கருவி ஒன்றைக் கண்டுபிடித்துப் புகழ்பெற்றவர், நெடுநடைக்கு இலேசுச் சுமை என்றொரு கொள்கையைப் பரப்பினார். உணவு, தண்ணீர், எரிபொருள் நீங்கலாக மூட்டை நாலரைக் கிலோவுக்குள் அடங்குகிறவர்களை இன்று அந்தச் சமயத்தின் அடியார்கள் என்று சொல்லலாம். பல்துலக்கும் பிரஷ்ஷின் காம்பை அறுத்து எறிவது அவர்களுடைய தீட்சை. என் மைத்துனர் காம்பை அறுத்தவர். சட்டைக் காலரில் உள்ள கடைச்சீட்டையும் வெட்டியிருந்தார். அவர் பை, எல்லாம் சேர்த்து, 5.8 கிலோ.

டும்லிங் நேபாளத்துக்குள் இருக்கிறது. கைபேசி தானாகவே கால் மணி நேரம் முன்னால் ஓடிவிட்டது. அந்தப் புதிய நேரப்படி ஏழு மணிக்கு மைத்துனர் கேட்டார்: "அத்திம்பேர், சோப்பு இருக்கா?" மறுநாள் துண்டு. அதற்கு மறுநாள் உலர்ந்த காலுறை. சண்டக்பூவில், பவர் பேங்க் (பெரிசு). பேட்டரி குளிரில் சீக்கிரம் செத்துவிடும், ராத்திரி போர்வைக்குள் வைத்துக்கொள்ள வேண்டும் என்று எனக்கே சொல்லிக்கொடுத்தார். அவர் குறைத்ததாகச் சொன்ன எடையில் கிட்டத்தட்ட மூன்று கிலோ, ஒவ்வொரு மாலையும் என் பையிலிருந்து வெளியே வந்தது. எடை அழிவதில்லை என்ற விதிக்கு விமான நிலையத்தில் கிடைத்தது முதல் சான்று, இது இரண்டாவது. இலேசாக நடப்பவர் ஒருவர் இருந்தால், அவருக்கு ஐம்பதடி பின்னால், மூச்சு வாங்கிக்கொண்டு, அவருடைய அக்காள் புருஷன் வந்துகொண்டிருப்பார்.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. சுமப்பதைப் பற்றிப் புலம்பும் தகுதியை நான் ஏற்கெனவே இழந்துவிட்டேன். நேபாள மலைப் பாதைகளில் நெற்றியில் நாம்லோ என்ற பட்டையை மாட்டி, டோக்கோ என்ற மூங்கில் கூடையை முதுகில் சுமக்கும் கூலியாட்களை ஆய்வாளர்கள் எடைபோட்டு, 2005இல் சயன்ஸ் இதழில் முடிவை வெளியிட்டார்கள். ஆண்களின் சராசரிச் சுமை, தம் உடல் எடையில் 93 விழுக்காடு. பெண்களுக்கு 66. கையில் ஒரு குட்டைத் தாங்குகோல்; களைத்தால் கூடையை அதன் மேல் நிறுத்தி, நின்றபடியே இளைப்பாறி, மறுபடி நடக்கிறார்கள். அந்தக் கணக்கில் நான் 66 கிலோ தூக்கியிருக்க வேண்டும். தூக்கியது 17.4. அதற்கே எங்களை முந்திக்கொண்டு மேலே உறுமிப்போன பழைய லேண்ட்ரோவரை ஒவ்வொரு வளைவிலும் ஏக்கமாகப் பார்த்தேன். ஆம், சண்டக்பூவுக்கு வண்டி போகும். இந்தத் தகவலை வீட்டில் முன்கூட்டிச் சொல்லியிருந்தால் மிக்ஸியும் வந்திருக்கும்.

முடிவுகள்

மொத்தப் பொருள் 47. நான் பயன்படுத்தியவை 21. மைத்துனர் மட்டும் பயன்படுத்தியவை 6. எங்களோடு வந்த வழிகாட்டித் தம்பி பயன்படுத்தியது 1 (இரண்டாவது மங்கி கேப், அவருக்கு எடுப்பாக இருந்ததால் கொடுத்துவிட்டேன்). பிரிக்காமலே திரும்பியவை 19. அந்தத் தம்பியின் பை ஒரு பள்ளிக்கூடப் பை. அதுவும் பாதி காலி.

தேங்காயெண்ணெய், 24 டிகிரிக்குக் கீழே எந்தத் தேங்காயெண்ணெயும் செய்வதைச் செய்தது. ஆறு நாளும் புட்டியில் கல்லாக இருந்தது.

ஆனால் இடைச்செருகல் எல்லாம் தள்ளத்தக்கவை என்ற என் முன்முடிவு காலிபோக்ரிக்கு முன்னால் ஆலங்கட்டி மழையில் தகர்ந்தது. விலை கொடுத்து வாங்கிய மழைக்கோட்டு வெளித்தண்ணீரை நிறுத்தி உள்ளே வியர்வையால் என்னை நனைத்துக்கொண்டிருந்தபோது, எதிர்வீட்டு மாமியின் குடையை விரித்தேன். காற்றோட்டம், நிழல், பாதுகாப்பு மூன்றும் கிடைத்தன. இலேசுச் சுமையின் குருவான ஜார்டினே குடைப் பிரியர் என்பதைக் குடைக்கடியில் நின்றபடி மைத்துனருக்குச் சொன்னேன். கேட்டுவிட்டு அவரும் உள்ளே வந்தார். அடுத்த பதிப்பில் குடை மூலபாடத்தில் சேரும்.

அதேபோல் புளிக்காய்ச்சல். 3,600 மீட்டரில் தண்ணீர் 88 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடுவதால் குக்கர் இல்லாமல் சோறும் பருப்பும் சரியாக வேகாது. விடுதிக்கார அம்மாள் குக்கரில்தான் வடித்தார், நன்றாகவே வடித்தார். ஆனாலும் நான்காம் நாள் அதே சோறு, அதே பருப்பு. தூக்கைத் திறந்தேன். வழிகாட்டித் தம்பி கொஞ்சம் கேட்டார். விடுதிக்கார அம்மாள் விரலில் தொட்டுப் பார்த்து, கண்ணை மூடி, ஒரு கரண்டி கேட்டார். அடுத்த மேசை வங்காளிக் குடும்பம் தட்டை நீட்டியது. மீதமிருந்ததைச் சமையலறையிலேயே விட்டுவிட்டு வந்தோம். அந்த ஒரு பொருளின் எடை மட்டும் எங்கும் இடம் மாறாமல் அழிந்துபோயிற்று. என் விதிக்கு இது விலக்கா என்பது மேலாய்வுக்குரியது.

வீட்டுக்கு வந்து பையை இறக்கியதும், மலையில் பார்த்த கஞ்சன்ஜங்கா சிகரத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நகத்தைப் பற்றியும் கேட்கவில்லை. "தூக்கு எங்க மாப்பிள்ளை?" என்றுதான் கேட்டார்கள்.

சண்டக்பூ போகும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உச்சிக்குச் சற்றுக் கீழே, நீலத் தகரக் கூரை போட்ட விடுதி. சமையலறையில், அடுப்புக்கு வலப்பக்கப் பலகையில் இருக்கும். மூடியில் 'மீ' என்று புள்ளிப் புள்ளியாக வெட்டியிருக்கும், அடியில் ஒரு சின்ன நசுங்கல். தயவுசெய்து கேட்டு வாங்கி வாருங்கள். கனமெல்லாம் ஒன்றும் இல்லை.